ஒரே அடுப்புல சாப்பிடுறவங்க

ஏணி அக்கா வேலையை விட்டுட்டுப் போன அன்னைக்கு, தன்னோட கேஸ் அடுப்பைக் கொண்டு வந்து என் தலையில கட்டிட்டாங்க. எனக்குத்தான் ஏற்கெனவே ஒரு அடுப்பு இருக்கே, வேண்டாம்னு சொன்னா கேட்கிற ஆளா அவங்க? "இனிமே எனக்கு எதுக்குடி அடுப்பு? பையன் வீட்ல உட்கார்ந்த இடத்துல சாப்பிடப் போறேன்"னு சொல்லி, வண்டியில இருந்து இறக்கி வெச்சுட்டு, அதே வண்டியில ஏறிப் போயிட்டாங்க.

அன்னைக்கு எங்களுக்குள்ள ஒரு சின்னச் சண்டையும் நடந்துச்சு. சின்னதுன்னு நான் சொல்றேன், என் பக்கத்து வீட்டுக்காரங்களைக் கேட்டா வேற மாதிரி சொல்லுவாங்க. குடியிருந்த ரெண்டு ரூமையும் அக்கா ஒரேயடியாக் காலி பண்ணிட்டாங்க. கட்டிலை ஒருத்தருக்கு, பீரோவை ஒருத்தருக்கு, பாத்திரத்தை நாலு பேருக்குன்னு அள்ளிக் கொடுத்துட்டாங்க. கொஞ்ச நாள் பூட்டியாவது வெச்சிருங்க, ஒரு பிடிமானம் வேணும்ல, அங்க எப்படி ஒத்துப்போகுதுன்னு பார்த்துட்டு முடிவு பண்ணுங்கன்னு தலையால தண்ணி குடிச்சேன். "என் பையன்டி அவன்"னு ஒரே பதில். அதுக்கு மேல நான் என்ன பேச? முட்டி தேய்ஞ்சு மாடிப்படி ஏற முடியாமப் போனதாலதான் வேலையையே விட்டாங்க. இனி இருக்கிற காலம் பூரா அந்தப் பையன் வீட்டை நம்பித்தான். அது நல்லபடியா அமையணுமேன்னு எனக்குக் கவலை.

எங்க வேலையைப் பத்திச் சொல்லிடறேன். மக்கள் நல்லா இருக்காங்களான்னு கணக்கெடுக்கிறது. சிரிக்காதீங்க, அதுக்கும் சம்பளம் உண்டு. வீடு வீடாப் போய்க் கதவைத் தட்டணும். உள்ள விட்டாங்கன்னா உட்கார்ந்து, நேத்து வாய்விட்டுச் சிரிச்சீங்களா, ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா, அக்கம்பக்கத்துக்காரங்களை நம்புறீங்களான்னு வரிசையாக் கேட்கணும். கூடவே ஒரு அட்டையில பத்துப் படி வெச்ச ஏணிப் படம் இருக்கும். உச்சிப்படி உங்களால நினைச்சுப் பார்க்க முடியிற நல்ல வாழ்க்கை, அடிப்படி ரொம்ப மோசமான வாழ்க்கை, நீங்க எந்தப் படியில நிக்கிறீங்கன்னு கேட்டு, அவங்க சொல்ற எண்ணை டேப்லெட்ல தட்டணும். அந்த அட்டையைக் கழுத்துல மாட்டிக்கிட்டே அலைஞ்சதால அக்காவுக்கு ஏணி அக்கான்னு பேரு. எனக்கு அக்கா வெச்ச பேரு பட்டாசு. காரணம் கேட்காதீங்க, போகப்போகத் தெரிஞ்சிடும்.

அக்கா இந்தத் தொழிலுக்கு வந்தது சோப்பால. நீங்க குளிக்கிறது எந்த சோப்புன்னு ஊரெல்லாம் கேட்டுட்டு வர்ற வேலை. வீட்டுக்காரர் ஒரு நாள் வெளியூர் வேலைன்னு கிளம்பிப் போனவர், அங்கேயே இன்னொரு குடும்பத்தை வெச்சுக்கிட்டுத் தங்கிட்டார். கையில நடை பழகுற பிள்ளை. அழுதுக்கிட்டு உட்காராம அக்கா பையைத் தூக்கிக்கிட்டுத் தெருவுல இறங்கிட்டாங்க. சோப்பு போய் பற்பசை வந்துச்சு, பற்பசை போய் டிவி வந்துச்சு, கடைசியில இந்த நல்வாழ்வுக் கணக்கெடுப்புல வந்து நிலைச்சாங்க. பிள்ளையைப் பக்கத்து வீட்ல விட்டுட்டுப் போவாங்க. மிச்சமான படிவத்தோட பின்பக்கத்துலதான் அவன் கணக்குப் போட்டுப் படிச்சான். படிச்சு, கட்டடம் கட்டுற கம்பெனியில இன்ஜினியராயிட்டான். அவன் போட்டோவை அக்கா போன்ல வெச்சிருப்பாங்க. புதுசா யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் நாளே அந்தப் போட்டோவைப் பார்த்தே ஆகணும். மூக்கு மட்டும் என்னோடதுன்னு சொல்லி ஒரு சிரிப்பு சிரிப்பாங்க. அவங்க முழுசாச் சிரிச்சு நான் பார்த்தது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

ஏன்னா வேலையில அவங்க முகம் கல்லு. எங்க பயிற்சியில முதல் பாடமே அதுதான். எதிர்ல இருக்கிறவங்க என்ன சொன்னாலும் முகத்துல எதையும் காட்டக் கூடாது. நீ "ஐயோ பாவம்"னு உச்சுக் கொட்டினா அவங்க அடுத்த பதிலைக் கூட்டிச் சொல்லுவாங்க, முகம் சுளிச்சா மறைச்சுச் சொல்லுவாங்க. அக்காகிட்ட ஒரு மனுஷன், தினம் ராத்திரி அழறேன்னு சொல்லிட்டுத் தேம்பித் தேம்பி அழுதிருக்கார். அக்கா அசையாம உட்கார்ந்திருந்தாங்க. அவர் மூக்கைச் சிந்தி முடிச்சதும் "சரி, அடுத்த கேள்விக்குப் போகலாமா?"ன்னு மெதுவாக் கேட்டாங்க. நானா இருந்தா அவரைக் கட்டிக்கிட்டு நானும் அழுதிருப்பேன். ஒரு தடவை ஒரு வீட்ல பொண்டாட்டியைக் கேட்கிற கேள்விக்கெல்லாம் புருஷனே பதில் சொல்லிக்கிட்டிருந்தான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, "உங்க வாய்க்குக் கொஞ்சம் ஓய்வு கொடுங்க சார்"னு சொல்லிட்டேன். ஆபீஸ்ல என்னை வறுத்து எடுத்துட்டாங்க.

இன்னொரு விஷயத்துல அக்கா ரொம்பக் கறார். அது அடுப்பு. எந்த வீட்டுக்குப் போனாலும், அந்த வீட்ல யார் யார் இருக்காங்கன்னு முதல்ல பட்டியல் எடுக்கணும். ரத்த சொந்தம், கல்யாண சொந்தம் எதுவும் கணக்குல வராது. ஒரே அடுப்புல சமைக்கிறதை யார் யார் சாப்பிடுறாங்களோ, அவங்கதான் ஒரு வீடு. ஒரு கதவுக்குள்ள ரெண்டு அடுப்பு தனித்தனியா எரிஞ்சா அது ரெண்டு வீடு. ஒரு பெரியவர் கோபத்துல, "அவ என் வீட்டு ஆளே இல்லை, எழுதாதே"ன்னு சம்சாரத்தைக் காட்டிச் சொன்னார். "அவங்க சமைச்சதைத்தானே சாப்பிடுறீங்க?"ன்னு அக்கா கேட்டாங்க. கேட்டுக்கிட்டே எழுதிட்டாங்க. இன்னொருத்தர் குசும்பு பிடிச்சவர், நாய்க்கும் அதே அடுப்புதான் மேடம்னு சொன்னார். அக்கா முகம் மாறாம, "வயசு என்ன?"ன்னு கேட்டாங்க. நான் வெளிய ஓடி வந்து தெருவுல நின்னு சிரிச்சேன்.

வேலையை விட்டுப் போனதுக்கு அப்புறம் அக்கா போன்ல மட்டும்தான். எப்ப கேட்டாலும் நல்லா இருக்கேன். பையன் எப்படி? நல்லா இருக்கான். மருமகள்? தங்கமான பொண்ணு, ஆஸ்பத்திரியில நர்சு, ஷிப்டு மாத்தி மாத்தி வருது, பாவம். நான் பார்க்க வரவா? அதுக்கு மட்டும் ஏதாவது ஒரு சாக்கு. வீட்ல பெயிண்ட் அடிக்கிறாங்க, பிள்ளைங்களுக்குப் பரீட்சை, அடுத்த மாசம் வாயேன். புது வீட்டு விலாசம்கூடச் சரியாச் சொல்லலை, மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம்னு மொட்டையா ஒரு தகவல். பேரன் பேத்தியோட சேர்ந்ததும் இந்தப் பட்டாசை மறந்துட்டாங்கன்னு எனக்குக் கோபம். போங்க, நானும் ரோஷக்காரிதான்னு நானும் கூப்பிடறதைக் குறைச்சுட்டேன்.

இந்த வருஷக் கணக்கெடுப்புல மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குடியிருப்பு எனக்கு விழுந்துச்சு. எந்தெந்தக் கதவைத் தட்டணும்னு குலுக்கல் மாதிரி ஆபீஸ்ல இருந்தே வந்துடும், நமக்கு அதுல எந்த உரிமையும் கிடையாது. லிப்ட்ல ஏறி, ஒரு கதவைத் தட்டினேன். திறந்த ஆளைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அக்கா போன்ல இருந்த அதே முகம். அந்த மூக்கை நான் எங்க பார்த்தாலும் கண்டுபிடிச்சுடுவேன்.

எனக்குத் தலைகால் புரியலை. அடி சக்கை, அக்கா வீட்டுக்கே வந்துட்டோம்! சொந்தக்காரங்க வீடா இருந்தா வேற ஆளுக்கு மாத்தி விடணும்னு விதி இருக்கு. கூட வேலை பார்த்தவங்க வீட்டைப் பத்தி விதி எதுவும் சொல்லலை. அவனுக்கு என்னைத் தெரியாது, அவன் கல்யாணத்தப்போ நான் வெளியூர்ல கணக்கெடுத்துக்கிட்டிருந்தேன். நான் யாருன்னு உடனே சொல்லலை. ஒரு குறும்பு. பட்டியல்ல அக்கா பேரு வரும்ல, அப்ப பட்டுன்னு உடைச்சு, அவங்களைக் கூப்பிடச் சொல்லி அசத்தணும்னு நினைச்சேன்.

நல்ல மரியாதையான பையன். உட்காருங்க மேடம்னு ஃபேனைப் போட்டான், தண்ணி கொடுத்தான். வீடு பளபளன்னு இருந்துச்சு. சோபா மேல பிள்ளைங்க வரைஞ்ச படம் ஒட்டியிருந்துச்சு. அவனுக்கு அன்னைக்கு லீவு, மனைவி டூட்டியில, பிள்ளைங்க ஸ்கூல்ல. நான் டேப்லெட்டைத் திறந்து, வழக்கமான கேள்வியைக் கேட்டேன். இந்த வீட்ல ஒரே அடுப்புல சாப்பிடுறவங்க யார் யார் சார்?

நான், என் மனைவி, பையன், பொண்ணுன்னான்.

அடுத்த பேருக்காக விரலை வெச்சுக்கிட்டே காத்திருந்தேன். வரலை. ஒரு தடவை கேட்டதோட விடக் கூடாது, மறந்துபோன ஆள் யாராவது இருப்பாங்கன்னு விதி. அதனால வேற யாராவதுன்னு கேட்டேன். யோசிக்கக்கூட இல்லை, அவ்வளவுதான் மேடம், நாலு பேருன்னான்.

எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. ஐயையோ, அக்கா போயிட்டாங்களா? எனக்கு யாருமே சொல்லலையே? நான்தானே ரோஷம் பார்த்துக் கூப்பிடாம விட்டேன்? சுவத்துல மாலை போட்ட படம் ஏதாவது இருக்கான்னு என் கண்ணு அலையுது. அடக்க முடியாம, "உங்க அம்மா?"ன்னு கேட்டுட்டேன்.

"அம்மா பின்னாடி ரூம்ல இருக்காங்க. அவங்க தனி. நீங்க ஒரே அடுப்புன்னுதானே கேட்டீங்க?"

உயிரோட இருக்காங்கன்னு ஒரு மூச்சு விட்டேன். அந்த மூச்சு முழுசா வெளிய வர்றதுக்குள்ள மிச்சம் உறைச்சுச்சு. அவங்க தனி. அவன் ரொம்பச் சாதாரணமா விளக்கம் வேற சொல்றான். மனைவிக்கு ஷிப்டு, பிள்ளைங்களுக்கு ஒரு நேரம், அம்மா விடியறதுக்கு முன்னாடியே எழுந்து உருட்டுவாங்க, அவங்களுக்குக் காரம் ஆகாது, இவங்களுக்குக் காரம் இல்லாம இறங்காது. அதான் ஒரு சின்ன மின்சார அடுப்பு வாங்கிக் கொடுத்துட்டோம், அவங்களுக்கும் வசதி, எங்களுக்கும் வசதி. எந்தக் கள்ளமும் இல்லாத முகம். சண்டைக்காரனா இருந்தா நாலு வார்த்தை கேட்டிருப்பேன். இவன் தண்ணி கொடுத்து உபசரிச்சுட்டுச் சொல்றானே, நான் என்னத்தைக் கேட்க?

அதைவிடக் கொடுமை, விதிப்படி அவன் சொன்னது சரி. அக்காவே வந்து பட்டியல் எடுத்திருந்தாலும் நாலு பேர்னுதான் எழுதியிருப்பாங்க. ரெண்டு அடுப்பு, அதனால ரெண்டு வீடு. ரெண்டு வீட்டையும் பதிஞ்சா எந்த வீட்டைக் கேட்கணும்னு டேப்லெட்டே தேர்ந்தெடுக்கும். பதிஞ்சேன். ஒரு ஆள் மட்டும் இருக்கிற வீடு வந்து நின்னுச்சு.

அம்மாவை எதுக்கு மேடம், நானே பதில் சொல்றேன்னு அவன் சொன்னான். டேப்லெட் எடுத்தா எடுத்ததுதான், மாத்த முடியாதுன்னு சொன்னேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியலை.

பின்னாடி ரூம்னா துணி காயப்போடுற பால்கனியை அடைச்சுக் கட்டினது. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், குளிக்கிற இடத்துக்கு ஒரு கதவு. ஸ்டூல் மேல அந்த ஒத்தை அடுப்பு, அதுமேல கைக்கு அடக்கமா ஒரு பாத்திரம். ஒரு தட்டு, ஒரு டம்ளர். அக்கா கட்டில்ல உட்கார்ந்திருந்தாங்க. பாதியாக் கரைஞ்சிருந்தாங்க. நெத்தியோரம் ஒரு தழும்பு, முன்னாடி கிடையாது. என்னைப் பார்த்ததும் கண்ணு ஒரு நிமிஷம் விரிஞ்சுச்சு. அப்புறம் என் பின்னாடி நின்ன பையனைப் பார்த்தாங்க. கண்ணைச் சுருக்கி எனக்கு ஒரு ஜாடை காட்டினாங்க. அதாவது, தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே.

பதில் சொல்றவங்க தனியா இருக்கணும்னு விதி, அதனால அவனை வெளிய போகச் சொன்னேன். கதவைச் சாத்தினதும் எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு ஆத்திரம். என்ன அக்கா இது, நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன்னு எத்தனை தடவை என்கிட்டப் பொய் சொல்லியிருக்கீங்க, என் தலையில அடுப்பைக் கட்டிட்டு இங்க வந்து இந்தக் கொட்டாங்கச்சியில பொங்கிச் சாப்பிடுறீங்களான்னு பொரிஞ்சு தள்ளினேன். அக்கா அசையவே இல்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தினதும் சொன்னாங்க.

"முடிஞ்சுதா? முகத்தைச் சரி பண்ணு. முதல் கேள்வி கேளு."

"கேள்வியாவது ஒண்ணாவது. கிளம்புங்க அக்கா."

"குலுக்கல்ல என் வீடு விழுந்திருக்குடி. இவ்வளவு காலம் ஊரைக் கேட்டேன். என்னை ஒருத்தரும் கேட்டதில்லை. கேளேன்."

கேட்டேன். வேற என்ன செய்ய? இந்த வீட்ல இருக்கிறவங்க எத்தனை பேருன்னு கேட்டேன், ஒருத்தின்னாங்க. நேத்து யார்கூடவாவது சேர்ந்து சாப்பிட்டீங்களா? இல்லை. நேத்து யார்கூடவாவது அஞ்சு நிமிஷத்துக்கு மேல பேசினீங்களா? இல்லை. அதுக்கு முந்தின நாள் பேத்தி வந்துச்சு, சார்ஜர் கேட்டுட்டுப் போயிடுச்சு, அதைச் சேர்க்க முடியாதுல்லன்னு அவங்களே முடிவு பண்ணிக்கிட்டாங்க. நேத்து சிரிச்சீங்களா? டிவியில ஒரு குரங்கைக் காட்டினாங்க, சிரிச்சேன், ஆமான்னு போட்டுக்கோ. ஒவ்வொரு பதிலுக்கும் அவங்க முகம் அதே கல்லு. ஏணி அட்டையை நீட்டினேன். எல்லாரையும் போலக் கொஞ்ச நேரம் பார்த்தாங்க. மூணுன்னாங்க. கண்ணு தெரியுது, கை வேலை செய்யுது, அதுக்கு ரெண்டு. நீ வந்ததுக்கு ஒண்ணு கூடப் போட்டிருக்கேன், நேத்து வந்திருந்தேன்னா ரெண்டுதான்.

மிச்சம் ஒரு கேள்வி. உங்களுக்கு ஒரு கஷ்டம்னா, நம்பிக் கூப்பிடறதுக்கு உறவுக்காரங்களோ சிநேகிதங்களோ யாராவது இருக்காங்களா? ஆமா, இல்லை, ரெண்டே பதில். கேட்டு முடிக்கிறதுக்குள்ள, நான் இருக்கேன்ல, ஆமான்னு போட்டுக்கறேன் அக்கான்னேன். கேட்கிறவ பதில் சொல்லக் கூடாதுன்னு அதட்டினாங்க. இந்தக் கேள்வியைச் சும்மா கேட்காதே, கடைசியா வந்த கஷ்டத்தை நினைச்சுப் பார்த்துச் சொல்லச் சொல்லுன்னு எனக்கே பாடம் எடுத்துட்டு, அவங்க நினைச்சுப் பார்த்தாங்க.

மழைக்காலத்துல ஒரு நாள் காலையில, குளிக்கிற இடத்துல வழுக்கி விழுந்திருக்காங்க. நெத்தி குழாய்ல இடிச்சிருக்கு. முட்டி மடங்கிப் போய் எழுந்திரிக்க முடியலை. கூப்பிட்டிருக்காங்க. அன்னைக்கு ஞாயித்துக்கிழமை, எல்லாரும் வீட்லதான் இருந்திருக்காங்க. டிவி சத்தம் கேட்டுச்சாம், பிள்ளைங்க ஓடுற சத்தம் கேட்டுச்சாம், இவன் போன்ல யார்கூடவோ சிரிச்சுப் பேசுறது கேட்டுச்சாம். இவங்க சத்தம் மட்டும் அந்தப் பக்கம் போகலை. மதியம் சாப்பாட்டுக்குத் தட்டு வைக்கிற சத்தம்கூடக் கேட்டுச்சாம். யாரும் கூப்பிட வரலை, தனி அடுப்பாச்சே, எதுக்குக் கூப்பிடணும்? இருட்டினதுக்கு அப்புறம் தானே ஊர்ந்து கட்டிலுக்கு வந்திருக்காங்க. மறுநாள் காயத்தைப் பார்த்துட்டு, பார்த்து நடக்கக் கூடாதாம்மான்னு பையன் கேட்டானாம்.

"இல்லைன்னு போடு"ன்னாங்க.

நான் அழுதுட்டேன். விதியாவது மண்ணாவது. இல்லைங்கிற இடத்துல என் விரல் பட்டுச்சு, அவ்வளவுதான் நினைவு இருக்கு. இதை அவங்க யார்கிட்டயும் சொல்லலை. சொன்னா அந்தப் பையனுக்குக் கெட்ட பேருன்னு வாயைக் கட்டிக்கிட்டுக் கிடந்திருக்காங்க. போதும், என்கூட வந்துடுங்க அக்கான்னு கெஞ்சினேன். முடியாதுன்னாங்க. அவன் கெட்டவன் இல்லைடி, அவனுக்குத் தெரியலை, அவ்வளவுதான். ஒருத்தர் எடுத்துச் சொன்னா பதறிப் போயிடுவான், சின்ன வயசுல எனக்குக் காய்ச்சல் வந்தாலே சாப்பிடாம உட்கார்ந்திருப்பான். இன்னும் அதே நம்பிக்கை. எனக்கு ஆத்திரமா வந்துச்சு, பாவமாவும் இருந்துச்சு.

கதவைத் தட்டிட்டு அவன் உள்ள வந்தான். முடிஞ்சுதா மேடம்னு சிரிச்சுக்கிட்டே கேட்டான். என் அழுத முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்னுடுச்சு. அம்மா என்ன சொன்னாங்கன்னு கேட்டான். ஒருத்தர் சொன்ன பதிலை இன்னொருத்தர்கிட்டச் சொல்லக் கூடாது, எங்க வேலையில அது சத்தியம் மாதிரி.

அக்கா கட்டில்ல இருந்து எழுந்தாங்க. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னு, பையனை நிமிர்ந்து பார்த்தாங்க.

"அவ சொல்லக் கூடாதுடா. நான் சொல்லலாம். எனக்கு ஒரு கஷ்டம்னா யாராவது இருக்காங்களான்னு கேட்டா. யாரும் இல்லைன்னு சொன்னேன். அன்னைக்கு விழுந்தேன்ல, நாள் பூரா அங்கதான் கிடந்தேன். உன்னைக் கூப்பிட்டுக்கிட்டே கிடந்தேன்."

அவன் முகம் வெளுத்துப் போச்சு. அக்கா அவன் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. ஊர்ல எத்தனையோ பேரு பதிலுக்காகக் காத்திருந்தவங்க, இப்படி ஒரு பதிலுக்கு ஏங்கி நின்னு நான் பார்த்ததில்லை. கல்லெல்லாம் போயிடுச்சு, வெறும் அம்மா முகம். என் கோபமெல்லாம் வடிஞ்சு, கிட்டப் போடா, ஒரு தடவை அவங்க கையைப் பிடிடான்னு நான் மனசுக்குள்ள அவனைக் கெஞ்சிக்கிட்டிருந்தேன்.

அவன் ரெண்டு எட்டு எடுத்து வெச்சான். அம்மாகிட்ட இல்லை, என்கிட்ட. என் கையில இருந்த டேப்லெட்டைப் பிடிச்சான்.

"இதை இன்னும் அனுப்பலையே மேடம்? எங்க பேரு, கதவு நம்பர் எல்லாம் இதுல இருக்கா? அந்தக் கேள்வியை மட்டும் மாத்திடுங்க, ப்ளீஸ்."

என் கையில இருந்து அதை அவன் இழுக்குறான், நான் விடலை. அக்கா பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவங்க சுவத்துல இருந்து கையை எடுத்துட்டாங்க. கட்டிலுக்கு அடியில கால் விட்டுச் செருப்பைத் தேடிக்கிட்டிருந்தாங்க.